நான் கேட்காமல் விட்ட அட்டை

அன்புத் தோழி,

இன்று காலை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவரின் குளிர்காலக் கோட்டை வாங்கி மாட்டும்போது, அதன் மடிப்புகளிலிருந்து பழைய புகையிலை மணந்தது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். தபாலில் வரும் உன் அட்டைகளை நீ முதலில் பார்ப்பதில்லை. கண்களை மூடி முகர்வாய். நூறு வருடங்களுக்கு மேலாகியும் புகையிலை இன்னும் போகவில்லை என்பாய். எனக்கு வெறும் காகித மணம்தான் தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்ற, தீப்பெட்டி அளவான பேஸ்போல் வீரர்களின் படங்கள் அவை. மூலை மடிந்தது, பின்புறம் கிழிந்தது என்று உனக்கு எட்டக்கூடியவற்றை இணைய ஏலத்தில் பார்த்துப் பார்த்து எடுப்பாய். நீ ஒரு பேஸ்போல் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் திருகோணமலையில் பள்ளிக்கூட எல்லே பந்தாட்ட அணியில் ஆடியவள். மூங்கில் மட்டையில் அடிபட்டுவரும் பந்தை வெறுங்கையால் பிடித்துப் பழகியவள். "இவங்களுக்கும் கையுறை இல்லை, பாரன்" என்றுதான் முதல் அட்டையை எனக்குக் காட்டினாய்.

உன் சமையலறையில் கணினிக்கு முன்னால் நாம் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது கனவுபோல வருகின்றன. வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கும். உள்ளே, கணினித் திரையில் தெரியும் அட்டையில், வர்ணம் தீட்டிய மரங்களுக்கு முன்னால், மீசைக்காரர் ஒருவர் இரு கைகளையும் ஏந்தியபடி நிற்பார். படம் எடுப்பதற்காகப் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அது விழவும் மாட்டாது, கைக்கு வரவும் மாட்டாது. தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

பந்தைப் பிடிக்கப் பாய்ந்து நிலத்தில் கிடக்கும் ஒருவரின் படத்தை நீ மூன்று வருடங்களாகத் தேடினாய். உன் அறுவைச்சிகிச்சை நாளில்தான் அது ஏலத்துக்கு வந்தது. எந்த விலைவரை ஏலம் கேட்கலாம் என்று ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அன்று பின்னேரம் உன் மேசையில் நான் தனியே இருந்தேன். இந்த நிலைமையில் இவளுக்கு இது எதற்கு என்று தோன்றியது. விரல் அசையவில்லை. நேரம் முடிந்தது. மறுநாள், வேறொருவர் கூடக் கேட்டுவிட்டதாக உன்னிடம் சொன்னேன். எடுத்தவர் நன்றாக வைத்திருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கண்களை மூடினாய்.

வீடு திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு, தேநீர் ஊற்றியபடியே கேட்டாய்.

"நீ கேக்கவேயில்லை எல்லோ? வித்த விலையைப் பாத்தனான். நான் எழுதித் தந்ததிலும் குறைய."

நான் என் கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நான் செத்துப்போடுவன் எண்டு நினைச்சனியோ?"

"ஓம்" என்றேன். உன் நோய் தொடங்கிய பிறகு அதைப்பற்றி உன்னிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நீ கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய். "அப்பிடியெண்டா இன்னும் கெதியாய், உடனேயெல்லோ கேட்டிருக்கவேணும்."

அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் இருந்தாய். உன்னால் எழுந்து உட்கார முடியாத நாட்களில் நானே உனக்காக ஏலம் கேட்டேன். சிலவற்றை வென்றோம். அந்தப் படம் மட்டும் திரும்ப வரவேயில்லை.

போன மாதம் எங்கள் இல்லத்தில், கட்டிலைவிட்டு எழும்பவே முடியாத ஓர் அம்மா, வரும் குளிர்காலத்துக்குச் சிவப்புச் சப்பாத்து வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற தாதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்த அம்மாவின் கால் அளவைக் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குச் சப்பாத்து வாங்கப் போனேன்.