மூன்றாவது டப்பா

இன்று சம்பள நாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பால்மாவு டப்பாக்கள் மூன்றையும் இறக்கி வைத்தேன். மூடியைத் திறந்தால் இன்னும் அதே வாசனை, பழைய நோட்டும் உங்கள் புகையிலையும் கலந்தது. ரூபாயைப் பிரித்துப் போட உட்கார்ந்தேன், வாசலில் உங்கள் அண்ணன் வந்து நிற்கிறார். உங்கள் காரியத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்.

கல்யாணமான புதிதில் இந்தப் பிரிவினையைத் தொடங்கியதே நீங்கள்தான். தாலுக்கா கச்சேரிச் சம்பளம் வந்ததும் முதல் டப்பாவில் அரிசிக்கும் வாடகைக்கும். இரண்டாவதில் சினிமா, பூ, உங்கள் புகையிலை. மூன்றாவது பின்னாளைக்கு. காப்பி எந்த டப்பாவில் சேரும் என்று முதல் மாதமே நமக்குச் சண்டை. "காப்பி இல்லாம எப்புடி ஆபீஸ் போறது? அது அரிசியோட சேத்தி" என்று அடம்பிடித்து ஜெயித்தீர்கள். மூன்றாவது டப்பா மட்டும் என் பொறுப்பு. எட்டாவதோடு நின்றுபோன நான், அந்தப் படிப்புக்கே இடம் தரும் வாத்தியார் பயிற்சிக்குப் போக அதில் சேர்த்துவந்தோம்.

இடம் கிடைத்து, பணம் கட்ட வேண்டிய வாரத்தில்தான் உங்கள் அண்ணன் கட்டுமாவடியிலிருந்து வந்தார். இலை போட்டேன். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்.

"வலை போச்சுடா. புதுசு வாங்கலேன்னா அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குத்தான் போகணும். ஒங்கிட்ட சேத்து வச்சது இருக்குமே."

அண்ணன் பேச்சை நீங்கள் தட்டி நான் பார்த்ததே இல்லை. படிப்பு போயிற்று என்றே அடுப்படியில் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அது என்னுது இல்லண்ணே. அவளுது. அவகிட்டயே கேளுங்க."

அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன். அவர் எதிரே நின்று நான் அதுவரை பேசியதுகூட இல்லை. "ரெண்டாவது டப்பாவுல உள்ளத எடுத்துக்கங்க மாமா. இது படிப்புக்கு வச்சது. தர முடியாது" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"பொம்பளகிட்ட கையேந்த வச்சிட்டியேடா" என்று இலையை அப்படியே விட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் உங்களை ஒரு பிடி பிடித்தேன். என்னை ஏன் முன்னால் தள்ளினீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு மேல நான் வாயத் தொறந்திருந்தா குடுத்திருப்பேன்" என்றீர்கள். எனக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது. அண்ணன் அடுத்தவர் வள்ளத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்ட நாளில் நீங்கள் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை எடு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் தேதியில் கச்சேரிச் சம்பளம் இல்லை. என் வாத்தியார் சம்பளம் இருந்தது. நம் பையனும் நானும் அதில்தான் சாப்பிட்டோம்.

இன்று அண்ணன் உட்காரவே தயங்கினார். "எஞ் சின்ன மக எட்டாவது முடிச்சிட்டா ஆத்தா. பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு. பணந்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். பழசை நான் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரை அப்படியே உட்கார வைத்தேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. மூன்றாவது டப்பாவில் இருந்த பணம் கூரை ஓடு மாற்றச் சேர்த்தது. அவளைக் கேளுங்கள் என்று கைகாட்ட எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"இந்தாங்க, அவ படிக்கட்டும்" என்று எடுத்துக் கொடுத்தேன். "சாப்புட்டுட்டுத்தான் போகணும் மாமா" என்றேன். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வாயைத் திறந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றீர்களே, இன்று நான் வாயைத் திறந்துதான் கொடுத்தேன். அன்று நீங்கள் திறக்காமல் இருந்ததால்தான் கொடுக்க என்னிடம் இருந்தது. ஐப்பசி மழைக்கு இந்த வருடமும் ஒழுகும் இடத்தில் பானையை வைத்துக்கொள்கிறேன்.