பூனையின் கால்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பூனையின் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து விரல் நீள எஃகுக் குப்பிகள் உருண்டு வந்தன. எல்லாம் காலி. கேக் கடையில் நான் தினமும் கையாளுகிறவைதான். க்ரீம் பாட்டிலில் ஒன்றைத் திருகினால் கேஸ் உள்ளே இறங்கும், அழுத்தினால் க்ரீம் பஞ்சு மாதிரி பொங்கி வரும்.

பூனை என்று நாங்கள் கூப்பிடும் என் மகள், எனக்குத் தெரியாமல் க்ரீம் அடித்துப் பழகுகிறாள். பதினாறு வயதுவரை ஒரு முட்டையை உடைத்தது கிடையாது. இப்போது கேட்டால் அவள் ஆசையைக் கெடுத்ததுபோல் ஆகும். குப்பிகளை அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். நாள் முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சமையலறையில் க்ரீம் அடித்த அடையாளமே இல்லை. ஒருவேளை சுருட்டை வீட்டில் செய்கிறார்களோ? வகுப்பில் இவளும் அந்தச் சுருட்டை முடிக்காரியும் ஒட்டிப் பிறந்த மாதிரி.

பிப்ரவரி 19, வியாழன்

கீழ்வீட்டுக்காரர் படியில் நிறுத்திக் கேட்டார்: "உங்க பொண்ணு மேல குதிக்கிறாளாம்மா? தலையில இடி விழற மாதிரி இருக்கு."

பூனையா? நடந்தால் சத்தமே வராது என்றுதானே நாலு வயதில் இவர் அந்தப் பேரை வைத்தார். சாயங்காலம் கவனித்தேன். உண்மைதான். தரையைப் பார்த்துக்கொண்டே குதிகாலைத் தொம் தொம்மென்று வைக்கிறாள்.

"கால் மரத்துப் போச்சும்மா. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்துட்டேன்."

ஷூ சின்னதாகிவிட்டதோ என்னவோ. புதுசு வாங்க வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

பள்ளியிலிருந்து போன். படியில் விழுந்துவிட்டாள். கையில் மாவோடு ஓடினேன். உதடு கிழிந்து ரத்தம். அது வலிக்கவில்லையாம், அழுததே வேறு எதற்கோ. ஆட்டோவில் என் காதோடு சொன்னாள்: "என் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலம்மா."



மார்ச் 3, செவ்வாய்

நரம்பு டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டை விரலை அசைத்துக் கேட்டார். மேலேயா, கீழேயா? மேலே இழுத்தபோது "கீழ" என்றாள். கீழே அழுத்தியபோது "இன்னும் ஆரம்பிக்கலயா?" என்றாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். திரும்பக் கூப்பிட்டபோது பூனை தலை நிமிரவில்லை.

"க்ரீமுக்குப் போடற கேஸை இந்தப் பசங்க போதைக்காக உறிஞ்சுறாங்கம்மா," என்றார் டாக்டர். "அது உடம்புல பி12 சத்தை வேலை செய்ய விடாது. நரம்பைச் சுத்தி இருக்கிற உறை கெட்டுடும். சில பேர் அந்த நிமிஷமே மூச்சு நின்னு போயிருக்காங்க. உங்க பொண்ணு நடந்து வந்திருக்கா."

"சரியாயிடுமா டாக்டர்?"

"அடியோட நிறுத்தணும். ஊசி போடுவோம், பயிற்சி கொடுப்போம். பெரும்பாலும் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

வரும் வழியில் பூனை மெல்லச் சொன்னாள்: "கடையில எல்லாருக்கும் விக்கிறாங்கம்மா. சட்டப்படி தப்பில்லன்னாங்க. கெட்டதா இருந்தா விப்பாங்களா?"

நானும் அப்படித்தானே நினைத்திருப்பேன். தினமும் தொடுகிற பொருள். அதைப் பார்த்து ஒரு பயம், ஒரு சந்தேகம் — ம்ஹூம்.

மார்ச் 4, புதன்

இவர் வெளியூரில் லிஃப்ட் பொருத்தும் வேலை முடிந்து வந்தார். விஷயம் கேட்டதும் வீடே அதிரக் கத்தினார். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால், அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"தெரியுதா?"

"பாத்தாதான் தெரியுதுப்பா."

மார்ச் 6, வெள்ளி

பள்ளி போகும் வழியில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். மிட்டாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறான், பளபளக்கும் பெட்டிகளில். "கேக் பண்றவங்களுக்குத்தான்மா விக்கிறோம்," என்றான். இருபது வருஷமாகக் கேக் பண்ணுகிறேன், ஸ்ட்ராபெர்ரி வாசனையில் இந்தக் குப்பியைப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். பேச்சை மாற்றினான்.

மார்ச் 9, திங்கள்

சுருட்டையும் சேர்ந்துதான் செய்திருக்கிறாள். "அவ அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்," என்று பூனை கெஞ்சினாள். நான் வாக்குக் கொடுக்கவில்லை. மத்தியானம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா வங்கியில் வேலை. முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "உங்க பொண்ணு கெட்டுப்போனதுக்கு என் பொண்ண ஏன் இழுக்கறீங்க?" கதவை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாள்.

போய் வந்ததைப் பூனையிடம் நானே சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்

பேசவில்லை. ஊசி போடும்போதுகூட என் கையைப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எங்கள் கேக் கடையின் பின்வாசலில் சுருட்டையின் அம்மா நின்றிருந்தாள். அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அவளுக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்காம். நேத்துதான் வாயத் திறந்தா. எந்த டாக்டர்னு..."

ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே போனேன். அன்றைக்கு நடந்ததை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மார்ச் 21, சனி

பூனை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சொல்லிட்டேன்னு சுருட்டை என்னைக் கண்டபடி திட்டறா." காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆனா அவ நல்லா நடக்கறாம்மா. என்னை மாதிரி ஆகல."

இப்போதுதான் என்னால் கேட்க முடிந்தது. ஏன்டி?

"சிரிப்பா வரும். கொஞ்ச நேரம் எதுவுமே பெருசாத் தெரியாது."

"அப்படி எதுடி உனக்குப் பெருசாத் தெரிஞ்சுது?"

சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. நான் குறுக்கே பேசாமல் கேட்டேன் என்பது மட்டும் என்னுடையது.

கடைசியில், அந்தக் குப்பிகளைப் பார்த்து அவள் க்ரீம் அடிக்கப் பழகுகிறாள் என்று நான் பூரித்துப்போனதைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். நானும்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கண்ணை மூடிக்கொண்டு நேராக நிற்க வேண்டும். அதுதான் பயிற்சி. நிற்கிறாள், சாய்கிறாள், என்மேல் விழுகிறாள். "நீ குண்டா இருக்கிறது இப்பதான் உதவுது," என்கிறாள். வாய் திரும்பிவிட்டது. கால்தான் பாக்கி.

ஏப்ரல் 23, வியாழன்

சுருட்டையும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் உள்ளே. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நாங்கள் திறக்கச் சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

காலையில் குளியலறையிலிருந்து ஒரே சத்தம். "அம்மா, தரை ஐஸ் மாதிரி இருக்கு. ஒரு மிதியடி போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

அடுப்பை அணைத்தேனா, தெரியவில்லை. ஓடினேன்.

"எந்தக் கால்டி?"

அவளும் அப்போதுதான் யோசித்தாள். குனிந்து பார்த்தாள். "வலது." இடதை ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இதுல இன்னும் இல்ல."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். நிஜமாகவே ஐஸ் மாதிரிதான் இருந்தது.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"நிக்கறோம்ப்பா," என்றாள்.