பட்டா, பத்தா?

12-6-72, திங்கள்

காலையிலேயே வெயில். நெசவாளர் சங்கத்தில் டெலிபிரிண்டர் மாட்டினார்கள். இனி நான்தான் அடிக்க வேண்டும். மெக்கானிக் சொன்னது: "நேர் லைன்மா. இங்க ஒரு மிஷின், நம்ம மெட்ராஸ் கடையில ஒரு மிஷின். நடுவுல ஒருத்தனும் கிடையாது." இங்கே அடித்தால் அங்கே தாளில் விழுமாம். 'நீ யார்' என்று ஒரு விசை. அமுக்கினால் அந்தப் பக்கத்துப் பெயர் வரும். பாதி புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

செயலாளர்: "ஒரு மாசம் தப்பில்லாம ஓட்டு. அப்புறம் பர்மனென்ட்." அப்பா இப்போதே "வேலை போதும், வீட்ல இரு" என்கிறார். தப்பே வரக்கூடாது.

விரலில் ரிப்பன் மை. சோப்புக்குப் போகவில்லை.

14-6, புதன்

மதியம் ஒன்றரை. முதல் ஆர்டர், ஆங்கில எழுத்தில். 'மயில்கழுத்து, பி-ஏ-டி-டி-யு சேலை, அவசரம்.' பட்டா, பத்தா? கிடங்கு பார்க்கும் நாயகம் சிரிக்கிறார். "காஞ்சிபுரத்துக்கு எவன்மா பட்டுன்னு எழுதுவான்? நாம இன்னா கோணியா நெய்துக்கினு இருக்கோம்? பத்துதான்."

எனக்குச் சந்தேகம். கேட்டு அடித்தேன். பதில் இல்லை. 'நீ யார்' அமுக்கினேன். உடனே 'மெட்ராஸ் கடை'. ஆள் இருக்கிறான்! மறுபடி கேள்வி, மறுபடி விசை. 'மெட்ராஸ் கடை'. ஏழு தடவை. என்ன திமிர்! கோபத்தில் அடித்துவிட்டேன்: 'வாயில் என்ன கொழுக்கட்டையா?'

நாயகம் பத்தையும் கட்டி மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

16-6, வெள்ளி

மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். அவர்கள் கேட்டது ஒரே ஒரு பட்டுச்சேலை. ஒன்பது திரும்பி வருகிறது. செயலாளர் முகம் கடுகடு. "திங்கக்கெழம பேசிக்கலாம்."

மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஆளு சாப்புடப் போனாலும் மிஷினே பேரைச் சொல்லிக்கும்மா." அப்போ நான் சண்டை போட்டது காலி நாற்காலியோடா? "நீ அடிச்சது மட்டும் அங்க தாள்ல இருக்கும்." ஐயோ, கொழுக்கட்டை!



19-6, திங்கள்

மேகம், மழை இல்லை. செயலாளர் வந்து வாயைத் திறக்குமுன் மிஷின் தடதடவென்று: 'கொழுக்கட்டை விழுங்கியாச்சு. ஒன்று என்று போடாதது என் தப்பு. மானேஜரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மேல் குற்றமில்லை.'

செயலாளர் எட்டிப் படித்தார். "இன்னாமா அது கொழுக்கட்டை?" அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. அதற்குள் அங்கிருந்து 'நீ யார்'. என் பெயரை அடிக்க விரலைத் தூக்கினேன். மிஷின் முந்திக்கொண்டது: 'காஞ்சி சங்கம்'.