நீலக் கோட்டுக்கு முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக்கொண்டு இருந்ததோடு சரி, மழை இல்லை. மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டது. இட்லி, வேர்க்கடலைச் சட்னி. வீட்டுக்காரர் டேனிக்கு ஆறு, எனக்கு நாலு.

ஆரம்பாக்கத்தில் கம்பெனி பஸ் 6.50. ஜன்னல் ஓரம் கிடைத்தது. உட்கார்ந்ததும் மனசுக்குள் படம் ஆரம்பம். இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். படத்தில் நான் நீலக் கோட்டு போட்டிருக்கிறேன். சூப்பர்வைசர்களுக்குத்தான் நீலம். எங்களுக்கெல்லாம் சாம்பல். கண்ணாடி கேபின், ஏசி, சுற்றுகிற நாற்காலி. எங்கள் மேனேஜர் மோகன் சார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார். நான் "ஒரு நிமிஷம் சார்" என்று போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டுகிறேன். அந்தக் கையைக் காட்டுகிற இடத்தை மட்டும் மூணு நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி வரிசை நின்றால் எனக்கு லாபம். படம் நீளும்.

எளாவூரில் கவிதா ஏறினாள். "இன்னா ஜெசி, தானா சிரிச்சிக்கினு இருக்க?" ஒன்றுமில்லை என்றேன்.

கவிதா என்னைவிட ஒரு வயது மூத்தவள். வேலையில் இரண்டு வருஷம் இளையவள். படிப்பில் என்னைவிட டிகிரி ஒன்று அதிகம்.

சாயங்காலம் ரூத் அக்கா போன். சபையில் பெண்கள் ஐக்கியத் தலைவி. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. "நோட்டீஸ் அடிச்சாச்சி ஜெசி. ஒம்பதாவது, நன்றி சாட்சி, சகோதரி ஜெசிந்தா. கோட்டு குடுத்துட்டாங்கன்னா கையோட எட்த்துக்கினு வா, பாஸ்டர் ஜெபிச்சிக் குடுப்பாரு."

கோட்டு இன்னும் என் கைக்கு வரவில்லை.


செப். 9, செவ்வாய்

மழை. நிஜமாகவே. துணி எல்லாம் உள்ளே.

அந்த நன்றி சாட்சி எப்படி வந்தது? ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஆண்டவர் செய்ததைச் சொல்கிற சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரும் போயிருக்கிறது என்று சொல்லி ஜெபிக்கச் சொல்லியிருந்தால் போதும். நான் அதோடு விட்டேனா? "இந்த வேலையக் கர்த்தர் எனக்குக் குடுத்துட்டாருன்னு விசுவாசிச்சி, முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்றேன்" என்றேன். எங்கள் சபையில் இப்படிச் சொல்கிற வழக்கம் உண்டு. நோய்க்குச் சொல்வார்கள், பிள்ளை வரத்துக்குச் சொல்வார்கள். நான் கோட்டுக்குச் சொன்னேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, படத்தைவிட ருசி.

டேனி அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "இன்னாமே, ஆண்டவர் கையில லெட்டர் குடுத்தாரா?"

அவருக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க எண்பதடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள். மேலே போவதில் அவருக்கு ஆசை கிடையாது. இறங்கி வந்து டீ குடிப்பதில்தான் ஆசை.

சூப்பர்வைசர் பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டுவார்களாம்.


செப். 10, புதன்

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, ஊக்கு. பண்டிகைக்குப் பழம்.

அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலில் முதல் பங்கைப் பலிபீடத்தின் முன்னால் வைக்க வேண்டும். எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் அறுத்ததெல்லாம் அடுத்தவர் வயல். இப்போது எல்லாரும் தொழிற்பேட்டையில். சந்தையில் பூசணிக்காய் வாங்கி, விளைந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு கொண்டுபோவோம். நெற்கதிர் மட்டும் வருஷா வருஷம் கவிதா தருவாள். அவள் மாமனாருக்கு எளாவூர்ப் பக்கம் வயல். கோயிலுக்கு ஒரு கட்டு, சர்ச்சுக்கு ஒரு கட்டு என்று சாதாரணமாகக் கொடுத்துவிடுவாள்.

இந்த வருஷம் பாஸ்டர் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார். சந்தைக் காய் வேண்டாம், அவரவர் கை செய்ததைக் கொண்டுவாருங்கள். வெல்டிங் பிரகாசம் ஒரு இரும்பு நாற்காலி செய்கிறாராம். தையல் கம்பெனிப் பெண்கள் மேசை விரிப்பு.

என் கை என்ன செய்தது? பதினோரு வருஷமாக மூடி பார்க்கிறேன். டானிக் பாட்டில் மூடி. சோதனைப் பாட்டிலில் மாட்டித் திருகினால் அடியில் இருக்கிற வளையம் "டக்"கென்று அறுந்து தனியாக வர வேண்டும். அறுந்தால்தான் யாரும் முன்னால் திறக்கவில்லை என்று அர்த்தம். அறுந்து வராததை எடுத்து சிவப்புத் தொட்டியில் போடுவேன். என் கை செய்ததெல்லாம் வேண்டாம் என்று தள்ளியதுதான். அதை எந்தப் பலிபீடத்தில் வைப்பது?


செப். 11, வியாழன்

இன்றைக்கு நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் மூணாவது லைன் மூடி. இருபது எடுத்துத் திருகினேன். ஆறில் சத்தம் இல்லை. வளையம் அப்படியே கூட வருகிறது. வெளியே லாரி தயார், சரக்கு காட்டுப்பள்ளிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும்.

இப்போது நான் செய்த கூத்து. அடுத்த இருபதை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தேன். ஆண்டவரே, இதெல்லாம் சரியாக இருக்கட்டும், நாளைக்குப் பட்டியல், சபையில் சொல்லிவிட்டேன், உம்முடைய பெயர் கெட்டுவிடும். அவருடைய பெயராம். திருகினேன். ஏழு. முன்னைவிட ஒன்று அதிகம். பிளாஸ்டிக்குக்கு ஜெபம் ஏறாது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

சிவப்பு அட்டையை எடுத்தேன். அதைக் கட்டிக் கையெழுத்துப் போட்டால் சரக்கு நின்றுவிடும். மோகன் சார் வந்துவிட்டார். உற்பத்தி முழுக்க அவர் பொறுப்பு, பட்டியலும் அவர் கையில். கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஜெசி, நாளைக்கு நீ சூப்பர்வைசரு. சூப்பர்வைசரு ஒரு மூடியப் பாக்கக் கூடாது, மொத்த கம்பெனியப் பாக்கணும்."

"வளையம் அறுந்து வரல சார்."

"சர்ச்ல சாட்சியே சொல்லிட்டியாமே. உங்க ஆளுங்க விசுவாசம்னு சொல்வீங்கல்ல. அந்த விசுவாசத்துல ஒரு கையெழுத்து போடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சூடேறியது. அந்த ஒரு நிமிஷத்தில் நீலக் கோட்டு கண் முன்னால் நின்றது, பொத்தான் உட்பட. அதற்குப் பின்னாலேயே எந்த ஊரிலோ ஒரு அம்மா, யாரோ திறந்து மூடி வைத்த பாட்டிலைப் புதுசு என்று நம்பிப் பிள்ளைக்கு ஊற்றுகிறாள்.

அட்டையில் கையெழுத்துப் போட்டேன். டே. ஜெசிந்தா. லாரி பாதிதான் ஏற்றிக்கொண்டு போனது.

டேனியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "செரி. கை காலக் கழுவிக்கினு வா, சாப்புடலாம்" என்றார். இந்த மனுஷன் கூட வாழ்வது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் சொல்வதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.


செப். 12, வெள்ளி

பட்டியல் ஒட்டினார்கள். ச. கவிதா.

வயிறு எரிந்தது. அழகாக எழுதிப் பிரயோஜனம் இல்லை, எரிந்தது. அவளைப் போய்க் கட்டிப்பிடித்து "சந்தோஷம்டி" என்றேன், வாயிலிருந்து மட்டும். சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பஸ்ஸில் படம் போட்டுப் பார்த்தேன். அதே கேபின், அதே நாற்காலி, உட்கார்ந்திருப்பது அவள்.

அழுதது வேலைக்காகவா, நாற்பது பேருக்காகவா? நேர்மையாகச் சொன்னால் நாற்பது பேருக்காக. சம்பளம் இப்போது வருவதில் வீடு நடக்கிறது. அரிசி இருக்கிறது, கூரை ஒழுகவில்லை, மகள் கல்லூரிக்குப் போகிறாள், டேனி சிரிக்கிறார். எனக்குக் குறைச்சல் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் படத்துக்குள்தான் இருந்தது.


செப். 13, சனி

இரண்டாம் சனி, லீவு. வெயில். கம்பளி காயப்போட்டேன்.

பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டி சத்தம். கவிதா. முன்னால் ஒரு கட்டு நெற்கதிர். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். நானாகக் கேட்கவும் மனசு வரவில்லை.

"இன்னா பாக்குற? வருசா வருசம் குட்க்குறதுதான?"

டீ போட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஒனக்கு வர வேண்டியது ஜெசி."

"வுடு."

"அவரு எதுக்கு என்னப் போட்டாரு தெரியுமா? நானு எதுத்துப் பேசமாட்டேன்னு. மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு."

"பேசமாட்டியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். டீ ஆறிப்போனது. போகும்போது கதிரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "உதிரும், பாத்து எட்த்துக்கினு போ" என்றாள். எரிச்சல் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை.

ரூத் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, நோட்டீஸ் அடிச்சிட்டமே. செரி, உடம்பு செரியில்லன்னு சொல்லிடவா?"

"வேணாங்க்கா. ஒம்பதாவது நானே நிக்கிறேன்."

டேனி எட்டிப் பார்த்து, "இன்னா சொல்லப்போற?" என்றார். உள்ளதை என்றேன். "அது சின்ன சாட்சியாச்சே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.


செப். 14, ஞாயிறு

சபை நிறைய ஆள். வாழைமரம், மாவிலை. இரும்பு நாற்காலி, மேசை விரிப்பு, ஒரு பெரிய பூசணிக்காய் (யாரோ பாஸ்டர் பேச்சைக் கேட்கவில்லை). கவிதாவின் கதிர் நடுவில். என் பங்குக்கு நான் வெறுங்கை.

ஒன்பதாவது. எழுந்து நின்றேன். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"போன மாசம் வேலை கெடச்சிட்ச்சின்னு ஸ்தோத்திரம் சொன்னேன். கெடைக்கல. ஆண்டவரு வாக்கு மாறல. அவரு குடுக்கறேன்னு சொல்லவே இல்ல. நாந்தான் அவரு பேர்ல சொன்னேன். கோட்டு மேல ஆச, அத விசுவாசம்னு சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

பின்வரிசையில் தாமஸ் தாத்தா, யார் சாட்சி முடித்தாலும் சொல்கிற பழக்கத்தில், "ஸ்தோத்திரம்" என்று ஓங்கிச் சொன்னார். இரண்டு வினாடி. பிறகு ரூத் அக்கா சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும். அதைவிடச் சரியான இடத்தில் யாரும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி கை தட்டியிருப்பார்கள். அந்த ருசி எனக்கு ஆகாது. அது ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும். நாளைக்கு அவர் முன்னால் போய் நிற்கும்போது என்ன கலர் கோட்டு என்று கேட்கமாட்டார். அந்தச் சரக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கோட்டு இரண்டு வருஷத்தில் வெளுத்துவிடும், இது வெளுக்காது.

கடைசியில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது பூசணிக்காயை டேனி எடுத்தார். ஒரு வாரத்துக்குப் பூசணிதான்.


செப். 15, திங்கள்

தூறல். பூசணிக்காய்க் கூட்டு, சோறு.

மூணாவது லைன் மறுபடி ஓட்டினார்கள். மூடி வார்க்கிற அச்சைச் சரிபார்த்தாயிற்று என்றார் மோகன் சார். இருபது திருகினேன். நாலில் சத்தம் இல்லை.

கவிதா வந்தாள். நீலக் கோட்டு தொளதொள, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். பின்னாலேயே மோகன் சார். "கவிதா மேடம், லாரி நிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மூடியைச் சோதனைப் பாட்டிலில் மாட்டி அவள் கையில் வைத்தேன். திருகினாள். சத்தம் இல்லை. இன்னொன்று எடுத்தாள். அதிலும் இல்லை.

"மேடம்."

"அந்த செவப்பு அட்டயக் குடு ஜெசி."

கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. மோகன் சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பயமா இருக்குது ஜெசி."

"எனக்கும் அப்டித்தான் இருந்திச்சி. சோறு துன்னா செரியாப் பூடும். கூட்டு இருக்குது, வா."

திரும்பும்போது எளாவூரில் அவள் இறங்கிக்கொண்டாள். செக்போஸ்ட்டில் நல்ல லாரி வரிசை, பஸ் அரை மணி நேரம் நின்றது. ஜன்னல் ஓரம்தான். அறுத்த வயலில் தண்ணீர், கொக்கு, யாரோ ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் போனார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆரம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் தோன்றியது, இன்றைக்குப் படம் போடவே மறந்துவிட்டேன்.