விதைக்கூடத்தின் மேல் அயலார் முத்திரை

மழை தவறாது பொழிக. கோல் சாயாது நிற்க. ஒன்பது நாட்டு மண்ணால் எழுந்த மேடையில் வீற்றிருந்து ஆழிமங்கலம் ஆளும் மணிமுடி வேந்தர் செழுங்கோ அவர்களின் திருமுன்பு, குளிர்மலை நாட்டவைத் தலைவனும், மறைந்த பேரரசியாரின் தமையனும், அம்முறையில் தங்களுக்குத் தாய்மாமனுமாகிய ஆதனரையன் வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரின் கோயில் விளக்குகள் குன்றாதிருக்கட்டும்; குழந்தை இளவரசியின் காய்ச்சல் தணிந்திருக்கட்டும். இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது வழக்கம். இம்முறை அதை எழுதக் கை வரவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். ஆடி பிறந்து முதல் மழை இறங்கியதும் எம் குடிகள் விதைநெல் எடுக்க விதைக்கூடத்துக்குச் சென்றனர். கதவில் அரக்கு முத்திரை இருந்தது. கடல்கடந்து வந்த முத்துத்தீவு வணிகரின் நண்டு முத்திரை அது. வாயிலில் அவர்தம் காவலர் வேலேந்தி நின்றனர். பேரரசு தம் தலைவரிடம் பெற்ற கடனுக்கு இக்கூடம் ஈடு என்றும், வட்டி வந்து சேரும்வரை ஒரு மணி நெல்லும் வெளியேறாது என்றும் அவர்கள் உரைத்தனர். பணிவாகவே உரைத்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

பண்டாரத் தலைவர் அரவணை நம்பி அவர்களிடம் விளக்கம் வேண்டினோம். கூடத்தின் கதவில் அரசரின் காளையேறு இலச்சினை இருப்பதால் அது அரச உடைமை, ஆகவே ஈடு வைத்ததில் பிழையில்லை என்று மறுமொழி வந்தது. அதைப் படிக்கக் கேட்டு அவையில் சிலர் சிரித்தனர். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அந்த ஏறு, பஞ்ச காலத்தில் தம் படையே பசித்து நின்றபோதும் எம் விதையை எவரும் தொடலாகாது என்று தங்கள் பாட்டனார் பொறித்த காவற்குறி. உள்ளே இருக்கும் நெல்லோ வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்தது. ஒவ்வொரு பானையின் கழுத்திலும் அவரவர் வீட்டுக்குறி கீறப்பட்டிருக்கும். காப்பதற்கு இட்ட குறியைக் காட்டி அடகு வைத்துவிட்டார்கள், வேந்தே. ஆழிமங்கலத்தில் ஒருவருக்குமா இது தெரியாமற் போயிற்று?

இது திடீரென வந்த இடியும் அன்று. வரவுக்கு மேல் செலவு ஏறுவதை ஆண்டுதோறும் நாட்டவைகள் எடுத்துரைத்து வந்தன. கடற்படைக்கு ஒரு கடன், வெண்கல் மாடத்துக்கு ஒரு கடன், அவ்விரண்டின் வட்டியைக் கட்ட மற்றொரு கடன். எம் தூதரிடம் நம்பி அவர்கள், சாலையும் அணையும் வேண்டும் என்று கேட்டவர்கள் நாட்டார்தாமே என்றார். அது மெய், மறுக்கவில்லை. பேரரசுக்குச் சாவில்லை, ஆதலால் அதன் கடனுக்குக் கெடுவும் இல்லை என்றும் அருளினார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அந்தக் கெடுதான் இப்போது வேல் பிடித்து எங்கள் வாசலில் நிற்கிறது.

தங்கள் முடிசூட்டு நாளை இங்கே நினைவூட்ட வேண்டியவனாகிறேன். ஒன்பது நாட்டாரும் கொணர்ந்த பிடிமண்ணால் அரியணை மேடை எழுந்தது. குளிர்மலையின் மண்ணை இட்டவன் நான். மீசை அரும்பாத பிள்ளையாகிய தாங்கள், கூட்டத்தைக் கண்டு வெருண்டு என் விரலை விடாமல் பற்றியிருந்தீர்கள். அந்த மண்ணுக்கு ஒரு முறைமை உண்டு. நம்பிக்கை அற்ற நாடு தன் பிடிமண்ணைத் திருப்பிக் கேட்கலாம். ஆறு நாடுகள் கேட்டுவிட்டால், வேந்தர் மேடையிலிருந்து இறங்கி, ஒன்பது நாட்டவைகளும் கூடிய மன்றத்தில் வெறுந்தரையில் அமர்ந்து, வரவும் செலவும் கடனும் தம் வாயாலேயே சொல்லி முடிக்க வேண்டும். அவை ஒப்பும்வரை மீண்டும் ஏறலாகாது. தங்கள் குலத்தில் இன்றுவரை எவருக்கும் அந்நிலை வந்ததில்லை.

ஐந்து நாடுகள் கேட்டுவிட்டன என்பதை அறிவோம். ஆறாவதாகக் கேட்க எந்த நாடு துணியும், குளிர்மலையா, அது வேந்தரின் தாய்வீடாயிற்றே, மாமன் மருமகனிடம் மண் கேட்பானா என்று நம்பி அவர்கள் அரசவையில் நகைத்ததாகவும் செய்தி வந்தது. அது கேட்டு நான் பெருமை கொண்டிருக்கலாம். நானோ அன்றே அவையைக் கூட்ட ஆள் விட்டேன்.

எம் அவை கூடியது. முத்திரையை உடைத்தால் வேந்தரின் சொல் உடையும், வணிகர் போர்க்கலங்களோடு வருவர் என்றனர் சிலர். உடைக்காவிடில் இந்த மழை வீணாகும், தையில் களம் வெறுமையாகும், வரி செலுத்த நெல் இராது, அதற்கும் சேர்த்துத் தலைநகர் கடன் வாங்கும் என்றனர் மற்றையோர். நான் நாளை, நாளை என்று ஒத்திவைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நெடும்பாறை ஊரைச் சேர்ந்த வெண்ணி என்னும் உழத்தி எழுந்து வந்து, தன் வெறும் விதைப்பெட்டியை என் காலடியில் வைத்தாள். வேந்தருக்கு நீர் மாமன், என் வயலுக்கு நீர் யார் என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே அறிக. நண்டு முத்திரையை நானே என் கையால் உடைத்தேன். காவலருக்குத் தீங்கு செய்யவில்லை, உணவளித்து அனுப்பிவைத்தோம். விதை வயலில் இறங்கிவிட்டது, இனி அதை எவரும் ஈடு வைக்க இயலாது. வணிகருக்கு என்ன விடை சொல்வது என்பது தங்கள் பாடு. கலங்கள் வருமாயின் முதலில் வருவது ஆழிமங்கலத் துறைக்கே என்பதை அஞ்சியே எழுதுகிறேன். தங்கள் மேல் கொண்ட அன்பு ஒரு துளியும் குறையவில்லை. அதனால்தான் இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உடைந்த அரக்கை இவ்வோலையோடு கட்டியுள்ளோம். உடன் வரும் பட்டுப்பை, முடிசூட்டு நாளில் நான் மண் கொணர்ந்தது; தங்கள் அன்னையார் தைத்தது. அதில் எங்கள் பிடிமண்ணை இட்டு, இதைக் கொணர்வோர் கையிலேயே திருப்பித் தந்தருள்க.

குளிர்மலை நாட்டவை ஒருமனப்பட்டுச் சொல்ல, தலைவன் ஆதனரையன் எழுதி, மலைமுகட்டு முத்திரை பதித்தது. இச்சொல் மாறாது. பிடிமண் கேட்டு வரும் ஆறாவது ஓலை இது.