பீரோவில் பூட்டிய பஞ்சாமிர்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அவர் தூங்குகிறார். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர், இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று சட்டையெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "யாரு நீ?" என்றார்.

அரசுத் தேர்வுக்கு உயிரியல் படித்துக்கொண்டிருந்த மகள் கவிதா ஓடிவந்தாள். "அம்மா, அப்பாவுக்கு சுகர் எறங்கிருச்சு. பீரோ சாவியக் குடு!"

வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்தி நாளாயிற்று. பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தையும் அவர் கண்ணில் படாமல் பூட்டியிருந்தேன்.

"சுகர்காரருக்கு எவளாவது பஞ்சாமிர்தம் குடுப்பாளாடி?" சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஊசி சுகரை எறக்கும்மா. அவரு சாப்பிடவே இல்லையே!" சாவியைப் பிடுங்கிப் போய், எடுத்து ஊட்டினாள்.

கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "மயங்குனாத்தான் இந்த வீட்ல இனிப்பு கெடைக்கும்போல" என்றார். கவிதா சிரித்தாள். மகள் செய்ததுதான் சரி என்று டாக்டரும் சொன்னார்.

சத்தம் போட்டுப் படிக்காதே என்று நேற்றுதான் அவளைத் திட்டினேன். பக்கத்து அறையில் இப்போதும் படிக்கிறாள். கணையம், இன்சுலின், குளுக்கோஸ். கேட்டுக்கொண்டே படுக்கிறேன். சாவி பீரோவிலேயே தொங்குகிறது.