தலையணைக்கடியில் சார்ஜ் போடாதே

மர்பி டவுன், பெங்களூர்
20 ஏப்ரல் 1999

என் கண்ணு சங்கமித்ராவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நாக்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? படித்ததும் பதறாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் ரேடியோவில் செல் வெடித்துவிட்டது. உனக்கு வாங்கும்போதே வீட்டுக்கும் ஒன்று வாங்கினாரே, ஒயரைச் செருகினால் உள்ளே இருக்கும் செல்லுக்கு சார்ஜ் ஏறுமே, அதுதான். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கோலார் தங்கச் சுரங்க வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் அந்த லாம்ப் ரூம் பழக்கம் போகவில்லை. சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் தலை விளக்கை சார்ஜில் போட்டால் அடுத்த ஷிஃப்டுக்குத்தான் எடுப்பார்கள், ரேடியோவுக்கும் அதே சட்டம். காலையில் செய்தி கேட்டுவிட்டு பொம்மனஹள்ளிக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பும்போது செருகுவார், ராத்திரி வந்துதான் பிடுங்குவார். இவ்வளவு நேரம் வேண்டாங்க என்றால், "அரை சார்ஜோட கீழ எறங்கினவன் பாடு உனக்கு என்னடி தெரியும், நீ காலேஜ்ல படிச்சவ" என்பார். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இப்போது மூன்று செல்லில் ஒன்று செத்துப்போயிருக்கிறது, டார்ச்சிலிருந்து சாதா செல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் போட்டு, மற்ற இரண்டோடு சேர்த்து சார்ஜ் ஏற்றியிருக்கிறார். ரேடியோ சுடுகிறதே என்று மூடியைத் திறந்தாரோ இல்லையோ, பட்டென்று ஒரு சத்தம், உள்ளே இருந்த கசடெல்லாம் கையில். ரேடியோவுக்கு அடியிலிருந்த போர்வையில் ஓட்டை. கையைக் குழாயடியில் பிடித்து வெகுநேரம் தண்ணீர் விட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு பாமா அக்கா, "ஏன்ணா, தங்கம் வெட்டின கைக்கு ஒத்த செல்லு அடங்கலையா" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. கண்ணில் தெறிக்காதது புண்ணியம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்கு நினைப்பெல்லாம் உன் போன கடிதத்தின் மேல்தான். நைட் டியூட்டிக்குப் போகும்போது ரேடியோவை சார்ஜ் போட்டு ஹாஸ்டல் வார்டன் கண்ணில் படாமல் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறேன், காலையில் வந்து தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது என்று வேடிக்கையாக எழுதியிருந்தாயே. நீ டியூட்டியில் இருக்கும்போது அந்த அறையில் மூன்று பெண்கள் தூங்குகிறார்கள் கண்ணு. பஞ்சுத் தலையணை, மூடிய ஜன்னல். சாதா செல் போட்டிருந்தால் ஒயரைச் செருகவே செருகாதே, அதன் மேலேயே சார்ஜ் செய்யக்கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது பார். சார்ஜ் ஏறும் செல்லோடு மற்றதைக் கலக்காதே, புதுசோடு பழசையும் சேர்க்காதே. சார்ஜ் போட்டால் நீ விழித்திருக்கும்போது போடு, மேஜை மேல் திறந்த இடத்தில் வை, எத்தனை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறதோ அதோடு பிடுங்கிவிடு. வீங்கின செல்லையும் ஒழுகின செல்லையும் தூக்கிப் போடு, வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

உன் கடிதத்தை நேற்று அப்பாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்துவிட்டார். கட்டோடு சட்டைக்கைக்குள் கை போகவில்லை, துண்டைப் போர்த்திக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். நீ டியூட்டியில் என்று வார்டன் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த இந்திதான் உனக்குத் தெரியுமே, "மேடம், மேரா பேட்டி, ரேடியோ, தகியா நீச்சே, ஆக், ஆக்" என்று, தலையணைக்கடியில் நெருப்பு என்பதைத்தான், பூத்தே அதிரும்படி கத்தினார். வரிசையில் நின்றவர்கள் தீப்பிடித்த மாதிரி ஒதுங்கினார்கள். நான் ரிசீவரை வாங்கி இங்கிலீஷில் விளக்கினேன். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார், பார்த்தாரா தெரியவில்லை, மறுபடி போட்டால் யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ ஒளித்து வைத்ததை நாங்களே காட்டிக்கொடுத்துவிட்டோம். வார்டன் திட்டினால் வாங்கிக்கொள், ரேடியோவைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் கெஞ்சிக் கேட்காதே, போகட்டும். அவர்கள் பார்க்கவே இல்லையென்றால் நீயே இந்த நிமிஷம் போய் ஒயரைப் பிடுங்கு.

 வீட்டுப் படியேறும்போது அப்பா, "பாப்பா கோவிச்சுக்குமா சம்பு" என்றார். கோவிச்சுக்கும் என்றேன். "கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கப் புள்ள இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

புத்த பூர்ணிமாவுக்கு அங்கே தீக்ஷாபூமி ஸ்தூபிக்குப் போவாய் அல்லவா, எங்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. எந்தத் தீங்கும் உன்னை அண்டாமல் நீ நீடூழி வாழவேண்டும். கடிதம் கையில் கிடைத்த அன்றே பாமா அக்கா வீட்டுக்கு போன் போட்டு, பிடுங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். கோபத்தோடு சொன்னாலும் சரி.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
மு. சம்பூர்ணம்